தாதுவுக்குப் போட்ட தடம்: நார்விக் போகும் வழிகள்

நார்வேயின் ரயில் வரைபடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆஸ்லோவிலிருந்து புறப்படும் தடங்கள் பெர்கனுக்கும் ஸ்டவாங்கருக்கும் ட்ரான்ஹெய்முக்கும் கிளைவிட்டு ஓடுகின்றன. ட்ரான்ஹெய்மைத் தாண்டி ஒரே ஒரு தடம் வடக்கே நீண்டு, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, பூடோ என்ற கடலோர நகரத்தில் நின்றுவிடுகிறது. அதற்கும் வடக்கே, நாட்டின் வேறெந்தத் தடத்தோடும் சேராமல், சுமார் 43 கி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு தனியே கிடக்கிறது. அதன் மேற்கு முனை நார்விக் துறைமுகம். கிழக்கு முனை சுவீடன் எல்லை. நார்விக்கில் குடியிருப்பவர் ரயிலிலேயே தன் நாட்டுத் தலைநகருக்குப் போக நினைத்தால், அண்டை நாட்டுக்குள் நுழைந்து ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடி, அப்புறம்தான் நார்வேக்குள் திரும்ப முடியும்.

ஊர் சிறியது. நகரத்துக்குள் சுமார் 14,000 பேர்; சுற்றுப்புறக் குடியிருப்புகளையும் சேர்த்தால் 21,000 பேர் அளவில் வரும். நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கி.மீ.க்கு மேல் வடக்கே, 68ஆவது அட்சரேகையில், ஃபியோர்டு எனப்படும் கடற்கால் ஒன்றின் ஓரத்தில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு சின்ன ஊருக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. விமானம் உண்டு, ரயில் உண்டு, ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த வழி உண்டு, இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் உண்டு, சுற்றி வளைத்தால் கப்பலும் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பயணியை மனத்தில் வைத்து அமைந்தவை அல்ல. தாதுவுக்கும் மீனுக்கும் போர் விமானத்துக்கும் அமைந்த வழிகளில், மிச்சம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் போய்வருகிறார்கள். எந்த வழி எப்போது தவறும், எதில் இடம் கிடைக்காது, எதற்குக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

ரயிலின் கதையிலிருந்து தொடங்குவோம். நார்விக் என்ற ஊரே ரயிலால் பிறந்தது. சுவீடனின் வடகோடியில் கிருனா, யெல்லிவாரெ மலைகளில் இரும்புத்தாது குவிந்து கிடந்தது. சுவீடனுக்கு அங்கிருந்து கிட்டிய துறைமுகம் போத்னியா வளைகுடாவில் உள்ள லூலியோ. குளிர்காலத்தில் அந்த வளைகுடா உறைந்துபோகும். எல்லைக்கு அப்பால் நார்வேயின் கடற்கரையோ இன்னும் வடக்கே இருந்தும் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அதைக் காக்கிறது. 1880களில் ஓர் ஆங்கில நிறுவனம் இந்தத் தடத்தைப் போடத் தொடங்கியது. துறைமுகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் விக்டோரியாஹாவ்ன். 1889இல் நிறுவனம் திவாலாகி, வேலை பாதியில் நின்றது. 1898இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் முடிவெடுத்து மறுபடி தொடங்கின. 1902இல் தடம் முடிந்தது. அதே ஆண்டு நார்விக் நகர அந்தஸ்து பெற்றது. 1903 ஜூலை 14 அன்று மன்னர் இரண்டாம் ஆஸ்கர் வந்து முறைப்படி திறந்துவைத்தார். அவர் அப்போது சுவீடனுக்கும் நார்வேக்கும் ஒருசேர அரசர். ஒரே முடியின் கீழ் இருந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே தடம் எல்லை தாண்டுவது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. இரண்டே ஆண்டுகளில், 1905இல், அந்த இணைப்பு முறிந்தது. தடம் மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது. நார்விக் இன்றுவரை தன் நாட்டு ரயிலுக்கு அந்நியமாகவும் பக்கத்து நாட்டு ரயிலுக்குக் கடைசி நிலையமாகவும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

ஆகவே நார்விக் போக நேரான ரயில் வழி ஸ்டாக்ஹோமிலிருந்துதான். ஏறத்தாழ 1,500 கி.மீ. தூரம். மாலையில் ஏறினால் மறுநாள் நண்பகலை ஒட்டியோ பிற்பகலிலோ இறங்கலாம். 18 முதல் 20 மணி நேரம் ஆகும். உட்காரும் இருக்கை, ஆறு பேர் படுக்கும் அறை, இரண்டு மூன்று பேர் மட்டும் தூங்கும் அறை என்று மூன்று தரம். நம் ஊர்த் தூங்கும் வசதி வண்டியில் பழகியவர்களுக்கு ஆறு படுக்கை அறை புதிதாக இராது. வித்தியாசம், அங்கே அறைக்குக் கதவு உண்டு. முதல் இரவில் காட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பைன், ஸ்ப்ரூஸ், இடையிடையே ஓர் ஏரி, மறுபடி பைன். விழித்து எழும்போது போடன் என்ற சந்திப்பு நிலையத்தை நெருங்கியிருப்போம். லூலியோவுக்கும் நார்விக்குக்கும் தடம் பிரியும் இடம் அது. லூலியோவிலிருந்து நார்விக்குக்குப் பகல் ரயிலும் ஓடுகிறது. வடசுவீடனில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது போதும்.

கிருனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயணத்தில் அது இடைநிறுத்தம் மட்டுமல்ல, மாற்று வழியின் மையமும்கூட. ஊருக்கு அடியிலிருந்தே தாதுவை வெட்டி எடுப்பதால் நிலம் சரிந்துகொண்டிருக்கிறது. நகரத்தையே கிழக்கே இடம் மாற்றுகிறார்கள். பழைய ரயில் நிலையம் 2013இல் கைவிடப்பட்டது. இப்போது ரயில் நிற்பது ஊருக்கு வெளியே, தற்காலிகமாகக் கட்டிய நிலையத்தில். 2025 ஆகஸ்டில் கிருனாவின் பெரிய மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கி.மீ. நகர்த்தினார்கள். ஊரை உண்டாக்கிய தாதுவே இப்போது ஊரைத் தள்ளிக்கொண்டு போகிறது. பயணிக்கு இதில் உள்ள நடைமுறைச் சேதி ஒன்றுதான்: கிருனாவில் இறங்கி ஏற நினைத்தால், நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே பஸ்ஸுக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

கிருனாவிலிருந்து நார்விக் சுமார் 170 கி.மீ.; ரயிலில் மூன்று மணி நேரம். ஸ்காண்டிநேவியாவில் ரயிலுக்கென்று ஒரு மூன்று மணி நேரத்தை ஒதுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மேற்கே போகும்போது வலது பக்கத்து ஜன்னலைப் பிடிக்க வேண்டும். காடு குள்ளமாகி, பிர்ச் புதராகி, டோர்னேட்ரெஸ்க் ஏரி பக்கவாட்டில் விரிந்துகொண்டே வரும். அபிஸ்கோவில் மட்டும் இடது பக்கம் எழுந்து போய்ப் பார்க்கலாம். லாப்போர்ட்டன் என்ற மலைக் கணவாய், யாரோ அரைவட்டமாகச் செதுக்கி எடுத்ததுபோல் நிற்கும். அபிஸ்கோ தேசியப் பூங்கா 1909இல் அறிவிக்கப்பட்டது. மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் தெளிந்திருக்கும் நாட்கள் அதிகம். துருவ ஒளியைத் தேடி வருபவர்கள் நார்விக்குக்கு வராமல் அங்கேயே இறங்கிவிடுவதும் அதனால்தான். அது புத்திசாலித்தனமும்கூட.

எல்லை நிலையத்தின் பெயர் ரிக்ஸ்க்ரென்சன். அதைத் தாண்டினால் நார்வேயின் பியோர்ன்ஃபியல். உயரம் 500 மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கடல் மட்டத்தை நெருங்க 40 கி.மீ. தூரம்தான். சுரங்கப் பாதைகள், பனிச்சரிவைத் தாங்கும் கூரைகள், அவற்றுக்கு இடையே திடீரென்று காலுக்குக் கீழே ரொம்பாக்கன் ஃபியோர்டின் நீலம். ஃபியோர்டின் தலைமாட்டில் ரொம்பாக்ஸ்போட்ன் இருக்கிறது. தடம் போட்ட காலத்தில் கூலித் தொழிலாளர்கள் வந்து குவிந்து ஊராக இருந்த இடம். வேலை முடிந்ததும் காலியானது. 1940 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்திவர, கியோர்க் தீலெ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அங்கே கரையில் முட்டி நின்றது. அதன் துருப்பிடித்த முன்பகுதி இன்னும் நீருக்கு மேலே தெரிகிறது. ஹிட்லரின் படை ஏப்ரல் 9 அன்று நார்வேமேல் பாய்ந்தபோது பத்துப் போர்க்கப்பல்களை இந்தச் சின்ன ஊருக்கு அனுப்பக் காரணம் வேறொன்றுமில்லை: கிருனாவின் தாது வந்து சேரும் இடம் இது. பத்துக் கப்பலும் இந்த நீரிலேயே அழிந்தன.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. கோடையில் கட்டராட் என்ற நிலையத்தில் இறங்கி, தொழிலாளர்கள் போட்ட பழைய பாதை வழியாக ரொம்பாக்ஸ்போட்னுக்கு இறங்கலாம். கட்டராட்டுக்குச் சாலையே கிடையாது. ரயில்தான் ஒரே வழி. அந்தத் தொழிலாளர்களை நினைத்து நார்விக்கில் மார்ச் மாதம் குளிர்காலத் திருவிழா நடக்கிறது. பழைய உடுப்பில் ஊரே திரிகிற வாரம் அது; அந்த வாரத்தில் விடுதியில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்ல வேண்டும். இந்தத் தடம் ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். எல்.கே.ஏ.பி. சுரங்க நிறுவனத்தின் தாது வண்டி ஒவ்வொன்றும் 68 பெட்டிகளோடு 750 மீட்டர் நீளம். நிறைந்து வரும்போது மொத்த எடை எட்டாயிரம் டன்னுக்கு மேல். இறக்கத்தில் பிரேக் போடும்போது அது மின்சாரத்தை உண்டாக்கி மேலே கம்பிக்கே திருப்பித் தருகிறது. பொறியியலாக அருமையான ஏற்பாடு. பயணி வண்டிக்கோ அது முன்னும் பின்னும் நகரும் சுவர். தாமதமாகிவிட்ட பயணி ரயில் தன் முறையை இழந்துவிட்டால், அடுத்த இடைவெளி வரும்வரை பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

எடையின் விளைவு இன்னொன்று. 2023 டிசம்பரில் சுவீடன் பக்கம் வாசியாவ்ரெ நிலையத்துக்கு அருகே ஒரு தாது வண்டி தடம் புரண்டது. பல கி.மீ. தூரம் தண்டவாளம் நாசமாகி, பனிக்காலத்தின் நடுவில் இரண்டு மாதம் போல் போக்குவரத்து நின்றது. சரிசெய்து திறந்த சில நாட்களிலேயே, 2024 பிப்ரவரியில், அதே வட்டாரத்தில் இன்னொன்று புரண்டது. பயணிகளுக்குப் பஸ் விட்டார்கள். ஏற்றுமதியாளர்களுக்கு விடக்கூடிய பஸ் எதுவும் இல்லை. இந்தத் தடம் ஓடாதபோது சுவீடனின் தாதுவும் நார்வேயின் மீனும் ஒருசேரத் தேங்கிவிடும் என்பதை இரு நாடுகளும் அப்போது பட்டு அறிந்தன.

மீனைச் சொன்னேன். 1993 முதல் ஆஸ்லோவுக்கும் நார்விக்குக்கும் இடையே சுவீடன் வழியாகச் சரக்கு ரயில் ஓடுகிறது. வடக்கே போகும்போது மளிகை, திரும்பும்போது மீன். ஆஸ்லோ சரக்குக் கூடத்திலிருந்து நார்விக்வரை ஒரே வண்டி. அதே வழியில் மனிதர் போக வேண்டுமானால் ஆஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஐந்தாறு மணி நேர ரயில், அங்கே இறங்கி, இரவு வண்டிக்குக் காத்திருந்து ஏற வேண்டும். சால்மன் மீனுக்கு நேர் வண்டி. பயணிக்கு வண்டி மாற்றம்.

இனி நார்வேயை விட்டு வெளியே வராமல் போகும் வழி. ஆஸ்லோவிலிருந்து ட்ரான்ஹெய்முக்கு ரயிலில் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ட்ரான்ஹெய்மிலிருந்து பூடோவுக்கு நூர்லாண்ட் தடம், 729 கி.மீ., பத்து மணி நேரம் அளவில், இன்னும் பெரும்பகுதி மின்மயமாகாமல் டீசலில் ஓடும் தடம். சால்ட்ஃபியல் என்ற வெட்டவெளி மேட்டில் அது ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறது. பூடோவுக்குச் சற்று முன்னே ஃபவுஸ்கெ என்ற ஊரில் இறங்கி, நார்விக் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஃபவுஸ்கெயிலிருந்து நார்விக் சுமார் 240 கி.மீ.; பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போல் ஆகும். இடையே டிஸ்ஃபியோர்டின் குறுக்கே பாலம் கிடையாது. போக்னெஸிலிருந்து ஸ்கார்பெர்கெட்டுக்கு ஃபெரியில் பஸ்ஸோடு ஏறி, 25 நிமிடம் கடலில் போக வேண்டும். நார்வேயின் முதுகெலும்பான ஈ6 நெடுஞ்சாலையில் இன்னும் மிச்சம் இருக்கும் ஒரே ஃபெரி இது. பஸ்ஸை விட்டு இறங்கி மேல்தளத்தில் காபி குடிக்கக் கிடைக்கும் அந்த இடைவெளியை நான் குறையாக எண்ணவில்லை. காற்று பலமாக இருந்து ஃபெரி தாமதமானால் மட்டும் எண்ணம் மாறும்.

இந்த வழியின் பலவீனம் இணைப்புகள்தான். ஆஸ்லோவிலிருந்து நார்விக்குக்கு ரயில், ரயில், பஸ் என்று மூன்று வண்டிகள். மூன்றையும் ஒரே நிறுவனம் ஓட்டவில்லை. ஒன்று தாமதமானால் அடுத்தது காத்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ட்ரான்ஹெய்மிலிருந்து இரவு ரயிலைப் பிடித்தால் காலையில் ஃபவுஸ்கெ வந்துவிடலாம். பஸ்ஸுக்கு அவகாசம் தாராளமாக இருக்கும். நார்வேயின் உள்ளேயே தடம் போடக் கடினமான நிலம் இது என்பதையும் மறக்கக்கூடாது. 2024 அக்டோபரில் ஃபின்னெய்ட்ஃபியோர்டு அருகே சரிந்து விழுந்த பாறைகளில் மோதி ஒரு பயணி ரயில் தடம் புரண்டது. ஓர் உயிர் போனது.

ஃபவுஸ்கெயில் பஸ் ஏறும் ஒவ்வொருவருக்கும் எழும் கேள்வி: இந்த 240 கி.மீ.க்கு ஏன் ரயில் இல்லை? கேள்வி பழையது. இரண்டாம் உலகப் போரில் நார்வேயைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் நார்விக்குக்கும் அதற்கு அப்பாலும் தடம் போடத் துணிந்தார்கள். சோவியத், யுகோஸ்லாவியப் போர்க்கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள்; பசியிலும் குளிரிலும் கைதிகள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். போர் முடிந்தபோது ஃபவுஸ்கெக்கு வடக்கே தடம் இல்லை. அரைகுறைச் சுரங்க வாய்களும் கைதிகளின் கல்லறைகளுமே இருந்தன. நார்வே அரசு தன் பங்குக்குத் தடத்தை 1962இல் பூடோவரை கொண்டுவந்து நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு ஃபவுஸ்கெயிலிருந்து நார்விக் வழியாக ட்ரொம்சோவுக்குத் தடம் போடும் யோசனை தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்குகிறது. 2019இல் அரசின் ரயில் இயக்ககம் கணக்குப் பார்த்தபோதே செலவு நூறு பில்லியன் குரோனரைத் தாண்டியது. பிறகு வந்த மதிப்பீடுகள் இன்னும் மேலே போயின. செலவுக்கு ஈடான பயன் வராது என்பதே நிபுணர்களின் முடிவு. வடக்கில் இருப்பவர்கள் அந்தக் கணக்கையே ஏற்பதில்லை. எண்ணெயும் மீனும் வடக்கில் உள்ள கடலிலிருந்து எடுக்கும்போது பார்க்காத கணக்கு, தடம் கேட்டால் மட்டும் வருகிறதே என்பது அவர்கள் வாதம். எனக்கு இரு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் நான் உயிரோடு இருக்கும் காலத்தில் அந்த ரயிலில் ஏறுவேன் என்று நம்பவில்லை.

நேரம் இல்லாதவர்கள் பறக்கிறார்கள். அவர்களே பெரும்பான்மை. ஆஸ்லோவிலிருந்து ஏவனஸ் விமான நிலையத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. எஸ்.ஏ.எஸ்., நார்வீஜியன் இரண்டும் பறக்கின்றன. பூடோ, ட்ரொம்சோ போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து விடெரோவின் சின்ன விமானங்கள் வரும். நிலையத்தின் முழுப்பெயர் ஹார்ஸ்டாட்/நார்விக். இரண்டு ஊருக்கும் பொதுவாக, இரண்டுக்கும் நடுவே, இரண்டுக்குமே தூரமாக 1973இல் அமைத்தார்கள். நார்விக்குக்கு என்று ஃப்ரம்னெஸில் சொந்தமாக ஒரு சின்ன ஓடுதளம் இருந்தது. ஊருக்குள்ளிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். ஆனால் குறுகிய ஓடுதளம், சுற்றி மலை, முரட்டுக் காற்று. 2017 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள்.

ஃப்ரம்னெஸை இழந்ததற்கு நார்விக் பெற்ற ஈடு ஹோலோகாலண்ட் பாலம் என்று சொல்லலாம். முன்பு ஈ6 சாலை ரொம்பாக்கன் ஃபியோர்டை உள்ளே நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு போனது. 2018 டிசம்பரில் திறந்த இந்தத் தொங்குபாலம் அந்தச் சுற்றை 18 கி.மீ. குறைத்தது. மொத்த நீளம் 1,533 மீட்டர். இரண்டு தூண்களுக்கு நடுவே மட்டும் 1,145 மீட்டர். பாலத்தின் இரும்புப் பகுதிகளைச் சீன நிறுவனம் ஒன்று சீனாவில் செய்து கப்பலில் கொண்டுவந்து பொருத்தியது. உலகுக்கு இரும்புத்தாது ஏற்றுமதி செய்யும் துறைமுகத்தில் இரும்பு இறக்குமதியாகி வந்து பாலமானது. இப்போது ஏவனஸிலிருந்து நார்விக் சுமார் 60 கி.மீ.; விமானம் வரும் நேரத்தை ஒட்டி ஓடும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல் ஆகும். வாடகைக் கார் முதலிலேயே பதியாவிட்டால் கோடையில் கிடைக்காது.

ஏவனஸ் ஒரு ராணுவ விமானத் தளமும்கூட. எஃப்-35 போர் விமானங்கள் 2022 முதல் அங்கே எந்நேரமும் புறப்படத் தயாராக நிற்கின்றன. கடல் கண்காணிப்பு விமானங்களும் அங்கேதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் ஃபோனைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கட்டும். ராணுவப் பகுதியைப் படமெடுக்கத் தடை உண்டு.

விமானத்தையும் ரயிலையும் பாதிப் பாதியாகக் கலக்கும் வழி ஒன்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து கிருனாவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிட்டு, அங்கே ரயில் பிடித்து மிச்ச மூன்று மணி நேரத்தை ரயிலில் வருவது. காட்டையும் இரவையும் விட்டுவிட்டு, தடத்தின் அருமையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விடுப்பு குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த சேர்க்கை இல்லை. வடக்கிலிருந்து வருபவர்களுக்கு ட்ரொம்சோ உண்டு. ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து, குறிப்பாகக் குளிர்காலத்தில், நேரடி விமானங்கள் வருகின்றன. அங்கிருந்து நார்விக்குக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம் போல் ஆகும்.

கடல் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நார்வேயின் புகழ்பெற்ற கடலோரக் கப்பல் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ்வரை 34 துறைமுகங்களில் நிற்கிறது. அவற்றில் நார்விக் இல்லை. ஃபியோர்டுக்குள் வெகுதூரம் உள்ளே வர வேண்டும் என்பதால் அது எட்டிப்பார்ப்பதில்லை. ஹார்ஸ்டாட்டில் இறங்கி, மிச்சத் தூரத்தைச் சாலையில் வர வேண்டும். கப்பலுக்காகக் கப்பல் ஏறுபவர்களுக்கு அது சரி. நார்விக் போவதற்காக யாரும் அந்த வழியில் போக வேண்டாம்.

கார் ஓட்டிப் போவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: கோடையில் தாராளமாக, குளிர்காலத்தில் பழக்கம் இருந்தால் மட்டும். ஆஸ்லோவிலிருந்து சுமார் 1,400 கி.மீ. வடக்கே போகும் நார்வேக்காரர்களிலேயே பலர் சொந்த நாட்டு ஈ6ஐ விட்டுச் சுவீடன் வழியாகப் போகிறார்கள். அங்கே சாலை நேர், ஏற்ற இறக்கம் குறைவு, ஃபெரி இல்லை. கிருனாவையும் நார்விக்கையும் இணைக்கும் ஈ10 சாலை முழுமையாகத் திறந்ததே 1984இல்தான். அதற்கு முன் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலைத் தவிர வேறு இணைப்பு இல்லை. குளிர்காலத்தில் பியோர்ன்ஃபியல் மேட்டில் பனிப்புயல் வீசும்போது ஈ10ஐ மூடிவிடுவார்கள். அல்லது பனி வாரும் வண்டி முன்னே போக, கார்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும். வரிசை கூடும்வரை தடுப்புக் கம்பத்தின் முன் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே ரயில் சாவகாசமாகப் போவதைப் பார்க்கலாம்.

எந்த வழி என்பதைப்போலவே எந்த மாதம் என்பதும் முக்கியம். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை நார்விக்கில் சூரியன் மறைவதில்லை. எந்த நேரத்து ரயிலில் வந்தாலும் ஜன்னலுக்கு வெளியே காட்சி உண்டு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் ஊதாவுமாக ஒரு மங்கல் ஒளி மட்டும் இருக்கும். டிசம்பரில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் மேலே நான் வருணித்த மலையும் ஃபியோர்டும் இருட்டோடு போயிற்று. இயற்கைக் காட்சிக்காக ரயில் ஏறுபவர்கள் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தெடுக்கலாம். பனியும் இருக்கும், பகலும் நீண்டிருக்கும், துருவ ஒளிக்கு வேண்டிய இருட்டும் ஏப்ரல் தொடக்கம்வரை மிச்சம் இருக்கும்.

நம்மூரிலிருந்து போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் 2001 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. சுவீடனும் அப்படியே. ஆகவே ஒரே ஷெங்கன் விசாவில் ஸ்டாக்ஹோமில் இறங்கி நார்விக் போய் ஆஸ்லோ வழியாகத் திரும்பலாம். எல்லையில் வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை என்றாலும் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது நல்லது. இரு நாட்டுப் பணத்துக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்தான், ஆனால் நாணயம் வேறு, மதிப்பும் வேறு. இரண்டிலும் கார்டே போதும். இரவு ரயிலின் தூங்கும் அறைகள் கோடை விடுமுறைக்கும் குளிர்காலப் பனிச்சறுக்கு வாரங்களுக்கும் வெகு முன்னதாகவே நிறைந்துவிடும். ஐரோப்பிய ரயில் கால அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் மாறுகிறது. இரவு வண்டி நார்விக்வரை நேரே போகிறதா, வழியில் மாற வேண்டுமா என்பதை அந்தந்த ஆண்டு அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு வேறு நிறுவனங்களிடம் தனித்தனி டிக்கெட் வாங்கி, நடுவே நாற்பது நிமிட அவகாசம் வைத்துத் திட்டம் போடுவது இந்த வழியில் சூதாட்டம்.

போகும்போது ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயில். திரும்பும்போது பஸ்ஸில் ஃபவுஸ்கெ, அங்கிருந்து நூர்லாண்ட் தடத்தில் ட்ரான்ஹெய்ம். நாள் இருந்தால் என் தேர்வு இந்த வட்டம். நாள் இல்லாவிட்டால் கிருனாவரை விமானம். வேலையாகப் போகிறவர்களுக்கு ஏவனஸ். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நார்விக்குக்கு அடுத்த சோதனை தூரத்தில் இல்லை. 2029ஆம் ஆண்டின் உலக ஆல்பைன் பனிச்சறுக்குப் போட்டியை நடத்தும் உரிமையை அது 2024இல் வென்றது. ஊருக்கு மேலேயே எழும் மலையில் பந்தயம். கீழே 14,000 பேர் வாழும் ஊர். வீரர்களும் பார்வையாளர்களும் தொலைக்காட்சிக் கூட்டமும் சேர்ந்தால் ஊரின் மக்கள்தொகையை மிஞ்சிவிடும். அவர்களை அழைத்துவர இருப்பவை ஒற்றை ரயில் தடம், 60 கி.மீ. தள்ளி ஒரு விமான நிலையம், புயலில் மூடும் ஒரு மலைச்சாலை, ஃபெரியோடு ஒரு நெடுஞ்சாலை. இதற்கிடையே 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்துவிட்டதால், அட்லாண்டிக்கிலிருந்து கிழக்கே படையையும் தளவாடத்தையும் கொண்டுபோகும் வாசலாகவும் நார்விக்கை ராணுவத்தினர் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். தடத்தை இரட்டையாக்க வேண்டும் என்று நார்விக் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அது நடந்தால் அதற்குக் காரணம் தாதுவாகவோ டாங்கியாகவோ இருக்கும். பயணி ரயிலுக்கு அதில் கூடுதலாக ஓர் இடைவெளி கிடைக்கலாம்.